கப்பலில் பெயர் இல்லாதவர்

அந்தத் தெருவில் ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்குக் கேட்க வேண்டுமானால் மழை பெய்ய வேண்டும். மழை வந்தால் மின்சாரம் போகும். மின்சாரம் போனால் வெல்டரின் கிரைண்டர் நிற்கும். டயர் கடையின் காற்று மிஷின் ஒரு பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொள்ளும். எதிரில் தகரக்காரர் மட்டும் இருட்டில் கொஞ்சநேரம் தட்டிப் பார்ப்பார். விரலில் ஓர் அடி விழுந்ததும் அவரும் சுத்தியலைக் கீழே வைத்துவிடுவார். அப்புறம் தூறலும், யார் யாரை என்ன சொன்னார்கள் என்பதும்தான் மிச்சம்.

கடற்படை அலுவலகத்துக் கடிதம் வந்தது அப்படி ஒரு நாளில். வெயில் நாளாக இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று சீட்டக்கா பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டாள்.

சீட்டக்கா என்பது தெரு வைத்த பெயர். வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பவள். வீட்டின் முன்னறைதான் பட்டறை. சுவர் ஓரமாக ரெக்சின் சுருள்கள், மூலையில் மெத்தைக்கான ஃபோம், நடுவில் அவளுடைய கனத்த தையல் மிஷின். அம்மா ஃபோம் வெட்டுவாள். அப்பா தைத்த கவரை வண்டிக்குள் கொண்டுபோய் இழுத்து மாட்டி, அடியில் கம்பி வளையம் போட்டு முடுக்குவார். வயது எழுபதைத் தாண்டியும் அவர் இழுத்து மாட்டிய சீட்டில் ஒரு சுருக்கம் இருக்காது.

அப்பாவுக்குக் காது கேட்காது. ஒரு காது முழுசாகப் போய்விட்டது, இன்னொன்று போகிற வழியில் இருந்தது. விமானங்கள் இறங்குகிற கப்பலில் வேலை பார்த்தவர். மேல்தளத்தில் விமானம் நின்றதும் ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, சங்கிலி போட்டுத் தளத்தோடு கட்டுவது, பறக்கும் நேரம் வந்தால் அவிழ்த்துவிடுவது. அந்த இரைச்சல்தான் காதைத் தின்றது. காலையில் எழுந்ததும் குனிந்த தலையோடு பட்டறையை ஒரு நடை நடப்பார். ஆணி, கிளிப், உடைந்த ஊசி என்று எது கிடந்தாலும் பொறுக்குவார். கப்பலில் எல்லாரும் வரிசையாக நின்று அப்படித்தான் தளம் முழுக்கப் பொறுக்குவார்களாம். ஒரு சின்னத் திருகாணி இஞ்சினுக்குள் போனால் விமானமே போச்சாம்.

"இங்க எந்த விமானம் எறங்கப் போவுது?" என்பாள் அம்மா. அவருக்குக் கேட்காது. அவள் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு, "வரும், வரும்" என்பார். அவர் மெதுவாகச் சொல்வதாக நினைத்துச் சொல்வது டயர் கடைவரைக்கும் கேட்கும்.

முன்னாள் படைவீரர்களுக்கான ஆஸ்பத்திரியில் காது மிஷின் கொடுப்பதாகவும், சத்தத்தில் வேலை பார்த்ததற்குச் சேவைப் பதிவு வேண்டும் என்றும் சொன்னார்கள். அப்பாவிடம் இருந்த காகிதங்கள் எப்போதோ வெள்ளத்தில் கூழாகிவிட்டிருந்தன. சீட்டக்கா கப்பல் பெயரை எழுதி, அதில் பணியாற்றிய இன்னாருடைய பதிவு வேண்டும் என்று விண்ணப்பித்தாள். அதற்குத்தான் பதில்.

மின்சாரம் இல்லாமல் கை ஓய்ந்திருந்த நேரம். வாசல் வெளிச்சத்தில் உறையைக் கிழித்து அவள் வாய்விட்டே படித்தாள். "தாங்கள் குறிப்பிட்டுள்ள நபர் மேற்படி கப்பலில் எக்காலத்திலும் பணிபுரிந்ததாகப் பதிவு இல்லை என்று தெரிவிக்கப்படுகிறது."

உள்ளே ஃபோம் வெட்டும் கத்தி நின்றது.

அப்பா மகளின் முகத்தைப் பார்த்தார். என்ன சொல்கிறார்கள் என்று புருவத்தால் கேட்டார். அவள் என்ன செய்வாள்? எழுபது தாண்டிய மனிதரின் காதருகே குனிந்து, 'நீங்கள் கப்பலிலேயே இல்லையாம்' என்று கத்துவதா? இல்லை என்று கையை மட்டும் விரித்துக் காட்டினாள். காது மிஷின் இல்லை என்றுவிட்டார்கள் போல என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"போறான் விடு பாப்பா. கேக்க வேண்டியதெல்லாம் கேட்டாச்சு" என்று சிரித்துவிட்டு, கம்பி வளையங்களைத் தகர டப்பாவில் அடுக்கப் போய்விட்டார்.

அம்மா சமையலறை வாசலில் நின்றாள். அன்று முதல் அவள் அவரிடம் பேசுவதை நிறுத்தினாள்.

வேடிக்கை என்னவென்றால், அவள் பேசாததை அவர் உடனே கவனிக்கவில்லை. கேட்கிற மனிதருக்குத்தானே மௌனம் உறைக்கும்? கஞ்சி நேரத்துக்கு வந்தது. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டாள். சட்டைக்குப் பொத்தான் தைத்துப் போட்டாள். சில நாள் கழித்துத்தான் அவர் மகளின் தோளைத் தட்டிக் கூப்பிட்டு, ரகசியமாகப் பேசுகிற நினைப்பில் தெருவுக்கே கேட்கும்படி கேட்டார்.

"உங்கம்மா வாய் அசையவே இல்லையே பாப்பா. பல்லு வலியா?"

எதிரில் தகரக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அம்மா கத்தியை இன்னும் வேகமாக இழுத்தாள். ஃபோம் கோணலாக வெட்டுப்பட்டது. அவள் கை கோணி சீட்டக்கா அதுவரை பார்த்ததில்லை.

அந்த வாரம் கண்டக்டர் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். குடையிலிருந்து சொட்டச் சொட்டத் தண்ணீரை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு, ரெக்சின் சுருள்மேல் உட்கார்ந்தார். கடிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை என்பதில் அவருக்கு ஏமாற்றம்.

"அக்கா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"கோவம் வர்ற மாதிரி ஒண்ணு சொல்லப் போறேன்னு அர்த்தம். சொல்லு."

"டிக்கெட் எடுக்காம வர்றவன் எத்தனை பேரை நான் பாத்திருப்பேன்! மூஞ்சியிலேயே தெரியும். மச்சான் கப்பல் கதை சொல்றப்பல்லாம் எனக்கு ஒரு சந்தேகம்..."

"டேய்."

"கப்பல்ல இல்லேன்னா இத்தனை வருஷம் எங்க இருந்தாரு? கரையில ஏதோ..."

"என் புருஷனை உன் பஸ்ல ஏத்தாதே" என்றாள் அம்மா. "எழுந்திரு. ரெக்சின் ஈரமாவுது."

மாமா எழுந்தார். அப்பா வெளியே ஒரு வேனுக்குள் பாதி உடம்பை விட்டுக்கொண்டு முடுக்கிக்கொண்டிருந்தார். மச்சானைப் பார்த்ததும் இடுக்கியோடு கையைத் தூக்கி ஆட்டினார். மாமாவும் வேறு வழியில்லாமல் ஆட்டினார்.

தம்பியின் வாயை அடைத்துவிட்டாள். ஆனால் அவர் கிளப்பிவிட்ட பேச்சு அவளைவிட்டுப் போகவில்லை என்பது அன்று மத்தியானம் தெரிந்தது. சீட்டக்கா கவருக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். அம்மா பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்து, வெட்டு மிச்சங்களை உருட்டியபடி பேசினாள்.

"உங்கண்ணன் போனப்ப நான் தந்தி குடுத்தேன்."

சீட்டக்கா மிதியிலிருந்து காலை எடுத்தாள். அவளுக்கு முன்னால் பிறந்து, நடக்கத் தொடங்கிய வயதில் காய்ச்சலில் போன அண்ணனைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே வராது. ஒரு படம்கூடக் கிடையாது.

"மழையில நனைஞ்சிக்கிட்டு நானே தந்தி ஆபீசுக்குப் போனேன். கப்பல் பேரைச் சொல்லி, இவர் பேரைச் சொல்லி, அங்க இருந்தவர் எழுதினாரு. பதிலே இல்லை. எல்லாம் முடிஞ்சு, புள்ளையோட துணியைக்கூட மடிச்சு வச்சப்புறம்தான் வந்து நின்னாரு. தந்தி லேட்டாக் கெடைச்சுதுன்னாரு. நடுக்கடல்ல இருக்கற மனுஷனுக்குத் தந்தி எப்படிம்மா உடனே போவும்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன். அந்தச் சமாதானத்தை வச்சுத்தான் இத்தனை வருஷம் ஓட்டினேன்." ஒரு ஃபோம் துண்டைப் பிய்த்தாள். "இப்ப கப்பல்லயே இல்லைங்கறான். கரையில இருந்திருந்தா தந்தி கெடைச்சிருக்கும்ல? வந்திருக்கலாம்ல?"

"அப்பாவையே கேக்கலாம்லம்மா."

"எப்படிக் கேக்க? நான் வாயசைச்சாப் போதும், அவருக்குப் புரிஞ்சிடும். அவர் பதில் சொல்லுவாரே, அதை என்ன பண்றது? பகல்ல கடை நிறைய டிரைவருங்க. சாயங்காலம் மிஷினெல்லாம் நின்னுட்டா ஊசி விழுந்தாக் கேக்கும். நான் புள்ளையை வாரிக் குடுத்த சங்கதியை அவர் தெருவுல கூவி விக்கணுமா?"

"நான் எழுதிக் காட்டட்டுமா?"

"நீ எழுதினா அது நீ கேட்ட கேள்வி" என்றாள் அம்மா. எழுந்து போய்விட்டாள்.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது.

சீட்டக்காவுக்கு அன்று தையல் ஓடவில்லை. மனசின் ஓரத்தில் ஒரு சின்னக் கறையான் அவளுக்குள்ளும் ஏறிவிட்டது என்பதுதான் நிஜம். சின்ன வயதில் அவரைக் கட்டிக்கொண்டு கேட்ட கதைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன: ராத்திரி கடலில் தளத்தின் விளக்குகள், காற்றுக்கு முதுகைக் கொடுத்து நடக்கும் நடை, வாலில் கொக்கி மாட்டி இழுபட்டு நிற்கும் விமானம். இதெல்லாம் பார்க்காதவர் சொல்லக்கூடிய சங்கதிகளா? ஆனால் முத்திரை குத்திய காகிதம் பொய் சொல்லுமா?

மறுநாள் காலை, கடை திறக்கும் முன்பே, அம்மா பால் வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து, ஒரு தாளில் பெரிய எழுத்தில் கடிதத்தில் இருந்ததை அப்படியே எழுதி அப்பாவிடம் நீட்டினாள்.

அப்பா கண்ணாடியை மாட்டிப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். பிறகு சிரித்தார். வயிறு குலுங்க, மூக்குக் கண்ணாடி நழுவ.

"கப்பல் புஸ்தகத்துல என் பேர் எப்படி இருக்கும்? நான் கப்பல் ஆளா?"

சீட்டக்கா தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"நாங்க ஸ்குவாட்ரன் ஆளுங்க பாப்பா, விமானக் கூட்டத்தோட சேந்தவங்க. கப்பல்லயே தின்போம், தூங்குவோம், வேலை பாப்போம். ஆனா கப்பலுக்குச் சொந்தமில்லை. விமானம் எங்கயோ நாங்க அங்க. அதுங்க கப்பலுக்குப் பறந்தா நாங்களும் மூட்டையோட ஏறுவோம். அதுங்க கரைக்குப் போனா நாங்களும் கரை. எங்க பேரெல்லாம் கரையில, விமானத் தளத்துலதான் இருக்கும். கப்பல்காரனுங்க எங்களைக் காக்கான்னு கூப்பிடுவானுங்க. வந்து உக்காருது, திங்குது, அசிங்கம் பண்ணிட்டுப் பறந்துடுதுன்னு."

'நீங்க அவங்களை?' என்று வாயசைத்தாள் சீட்டக்கா. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"கருவாடு" என்றார் அப்பா பெருமையாக.

விமானத் தளத்தின் பதிவறை பேருந்தில் அரை நாள் தூரம். தானே நேரில் போனால் வேலை சுலபம் என்று அப்பாவுக்குத் தோன்றியது. கிளம்புகிற அன்று அம்மா ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டிக் கொடுத்தாள். அப்பாவுக்கு மஞ்சள்கரு ஆகாது. அவருடைய முட்டைகளில் மட்டும் மஞ்சளை எடுத்துவிட்டு வெள்ளையை மறுபடி சேர்த்து மூடி வைத்திருந்தாள். ஆனால் பொட்டலத்தை மகள் கையில்தான் தந்தாள். அவர் பக்கம் திரும்பவில்லை.

"நாங்க எதுக்குப் போறோம்னு கேக்க மாட்டியாம்மா?"

"போயிட்டு வந்து சொல்லு. வெறும் வாயை மெல்ல எனக்குப் பல்லு இல்லை."

பதிவறையில் சால்வை போர்த்திய ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஜலதோஷம். பேசும் முன்பு ஒரு தரம் மூக்கை உறிஞ்சுவார், பேசி முடித்ததும் ஒரு தரம்.

"பேர் சொல்லுங்க."

அப்பா பெயரைச் சொன்னார்.

"சேவை எண்?"

மாத்திரை சாப்பிட்டோமா இல்லையா என்பதை மறக்கிற மனிதர், அந்த நீள எண்ணைத் தலைகீழாக நிறுத்திக் கேட்டாலும் சொல்லக்கூடியவர் போல் ஒரே மூச்சில் சொன்னார். விறைப்பாக நின்றுகொண்டு சொன்னார். அறை அதிர்ந்தது.

"ஐயா, பக்கத்து ரூம்ல ஆபீசர் இருக்காரு."

அவர் வாயைப் பார்த்துவிட்டு அப்பா, "இருக்கட்டும்மா. அவருக்கும் தெரியட்டும்" என்றார்.

பதிவறை அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்குவாட்ரன் எது, எந்த வருடம் சேர்ந்தார் என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனார். இரும்பு இழுப்பறைகள் திறந்து மூடும் சத்தம் கேட்டது. சீட்டக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். நாற்காலி கவர் கிழிந்து ஃபோம் வெளியே எட்டிப் பார்த்தது; அவள் விரல் தன்பாட்டில் அதை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. இங்கேயும் இல்லை என்று சொல்லிவிட்டால்? அம்மாவிடம் என்ன முகத்தோடு போவது?

திரும்பி வந்த பதிவறை அம்மாவின் கையில் பழுத்த அட்டை ஒன்று இருந்தது.

"இருக்காரு" என்றார். "கப்பலுக்கு எழுதினீங்களா? இன்னும் நூறு தடவை எழுதினாலும் இல்லைன்னுதான் வரும். மாசத்துக்கு நாலு பேர் இப்படி அலைஞ்சிட்டு வர்றாங்க. கப்பலுக்கு அழகா ஒரு பேர் இருக்கு, மனசுல நிக்குது. ஸ்குவாட்ரனுக்கு வெறும் நம்பர். வீட்டு ஆளுங்களுக்கு அது எங்க ஞாபகம் இருக்கும்?"

எந்தத் தேதியில் கப்பலேறினார், எந்தத் தேதியில் ஸ்குவாட்ரனோடு கரை திரும்பினார் என்று அட்டையில் வரிசையாக இருந்தது. அண்ணன் போன வருடத்தைச் சீட்டக்கா தேடினாள். அந்த மழைக்காலம் முழுக்க அப்பா கப்பலில்தான் இருந்திருந்தார். அவள் அந்த வரியின்மேல் விரலை வைத்தபடியே இருந்தாள். பதிவறை அம்மா நகல் எடுக்கக் கேட்டபோதுதான் விரலை எடுத்தாள்.

வெளியே வந்து பேருந்துக்காகச் சாலையோரம் நின்றார்கள். மழை விட்டு, கம்பி வேலிக்கு அப்பால் நீளமான ஓடுபாதை ஈரமாகப் பளபளத்தது. அப்பா முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் வேலியையே பார்த்தார். மகள் அவர் கையைத் தொட்டு, அம்மா ஏன் பேசுவதில்லை என்பதைச் சொன்னாள். ஒவ்வொரு சொல்லாக, வாயைத் திறந்து காட்டிச் சொன்னாள். தந்தியைப் பற்றியும் சொன்னாள்.

அப்பாவின் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்துபோனது. வாயைத் திறந்தார்; சாலையில் நின்றிருந்த மற்றவர்களைப் பார்த்து மூடிக்கொண்டார். கொஞ்சநேரம் காத்திருந்தார். எதற்குக் காத்திருக்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு விமானம் இஞ்சினை முடுக்கியது. தரை அதிர்ந்தது. நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அப்பா அப்போதுதான் பேசத் தொடங்கினார். அவர் உதட்டைப் பார்த்தே அவளும் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"அவ தந்தியைக் கப்பல் பேருக்குக் குடுத்துட்டா. கப்பல் தபால்காரன் அவன் புஸ்தகத்துல பாத்திருக்கான், இப்படி ஒருத்தன் இல்லைன்னு கரைக்குத் திருப்பிட்டான். அது சுத்திச் சுத்தி, கடைசியில இந்தத் தளத்துக்கு வந்து, எங்க பெட்டியில கெடந்துது. நாங்க கரை எறங்கின அன்னிக்குத்தான் கையில வந்துது. ஸ்குவாட்ரன் நம்பருக்குப் போட்டிருந்தா ரேடியோவுல அன்னிக்கே சொல்லியிருப்பாங்க. கரைக்குப் போற விமானத்துல ஏத்தியும் விட்டிருப்பாங்க."

'அம்மாகிட்ட இதைச் சொல்லவே இல்லையா?'

"எப்படிச் சொல்ல? புள்ளை போன வீட்டுல, 'நீ விலாசத்தைத் தப்பாப் போட்ட'ன்னு சொல்றதா? துறைமுகத்துல கூட்டிட்டுப் போய், 'அதோ பார் நம்ம கப்பல்'னு காட்டினதே நான்தான். அவளுக்கு அந்தப் பேர்தான் தெரியும். லேட்டாச்சுன்னு மட்டும் சொன்னேன். நீயும் சொல்லிடாதே." இஞ்சின் சத்தம் உச்சத்துக்குப் போனது. அவர் உதடு இன்னும் கொஞ்சம் அசைந்தது. "தேதியை எண்ணிப் பாத்தேன் பாப்பா. அவன் போன அன்னிக்கு எங்களுக்கு வேலை இல்லை. கப்பல் மேல்தளத்துல பந்து வெளையாடினோம், எங்களுக்கும் கருவாட்டுப் பயலுகளுக்கும். நல்ல வெயில். சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுது. அதை யார்கிட்டச் சொல்ல?"

விமானம் மேலேறிப் போனது. சத்தம் தேய்ந்ததும் அப்பாவும் பேச்சை நிறுத்திக்கொண்டார். முட்டையைப் பிட்டு வாயில் போட்டார்.

வீடு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அன்று விடுமுறைக்கு முந்தின நாள் என்பதால் பட்டறைகள் சீக்கிரமே அடங்கிவிட்டன. வெல்டர் வாசலில் உட்கார்ந்து கைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். கண்டக்டர் மாமா செய்தி கேட்க முன்கூட்டியே வந்து காத்திருந்தார்.

அப்பா முகம் கழுவப் பின்பக்கம் போனார். சீட்டக்கா நகலை எடுத்து மேஜைமேல் வைத்து, அந்த வரியைக் காட்டினாள்.

"அப்பா கப்பல்லதான் இருந்திருக்காரும்மா. இதோ அந்த மழைக்காலம். முத்திரை இருக்கு."

மாமா கண்ணாடியைத் தேடினார். நிதானமாகப் படித்தார். "டிக்கெட் இருக்கு" என்றார் குரல் இறங்கி.

"இல்லாமலா?" என்றாள் அம்மா. முகம் நெகிழ்ந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள். "அப்ப அந்தக் காகிதத்துல ஏன் இல்லைன்னான்?"

"அவங்க கப்பல் ஆளுங்க இல்லையாம்மா. ஸ்குவாட்ரன்னு தனி. அவங்க பேரெல்லாம் கரையில வேற ஆபீசுல இருக்குமாம். நான் தெரியாம கப்பலுக்கு எழுதிட்டேன்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது.

அம்மா நகலைத் தடவிக்கொண்டிருந்த கையை எடுத்தாள்.

"பேர் அங்கன்னா, தபாலும் அங்கதான் போவணுமா?" என்றாள்.

சீட்டக்கா நகலை மடித்தாள். பொய் சொல்ல நினைத்தாள், வாய் வரவில்லை. மாமா எதையோ கேட்கத் தொடங்கி, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அப்ப நானும் கப்பலுக்குத்தான் குடுத்தேன்" என்றாள் அம்மா. யாரிடமும் சொல்லாதது போலச் சொன்னாள். "இந்த மனுஷன் இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே. சண்டையிலகூடச் சொல்லலையே. நான் எத்தனை சண்டை போட்டிருக்கேன்!"

அப்பா துண்டால் கழுத்தைத் துடைத்தபடி முன்னறைக்கு வந்தார். அம்மா அவர் எதிரில் போய் நின்றாள். அவர் அவள் வாயைப் பார்த்தார். அவள் வாய் திறந்தது, மூடிக்கொண்டது. தெரு அமைதியாக இருந்தது. தகரக்காரர் தன் வாசலில் தேநீரை ஊதும் சத்தம்கூடக் கேட்டது. அம்மா திறந்த வாசலை ஒரு தரம் பார்த்தாள், அவரை ஒரு தரம் பார்த்தாள்.

சீட்டக்கா வெளியே ஓடினாள்.

"தம்பி, கிரைண்டரைப் போடு."

வெல்டர் சோப்புக் கையோடு நிமிர்ந்தார். "கடை சாத்தியாச்சே சீட்டக்கா. என்ன தேய்க்கணும்?"

"எதையாவது தேயி. பழைய கம்பி இருந்தாத் தேயி. போடேன் தம்பி, உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால், விளக்கடியில் நேருக்கு நேர் நின்ற இரண்டு பேரையும் பார்த்தார். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு துருப்பிடித்த குழாயை எடுத்தார். கிரைண்டர் வீறிட்டது. தீப்பொறி வாசல்வரை தெறித்தது. எதிரில் தகரக்காரர் தேநீரைக் கீழே வைத்தார். சுத்தியலை எடுத்து, சும்மா கிடந்த ஒரு தகரத்தைத் தட்டத் தொடங்கினார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

கண்டக்டர் மாமா நடுவில் அகப்பட்டுக்கொண்டு விழித்தார். குடையை எடுத்தார். "நான் டயர் கடைப் பக்கம் போறேன்" என்று சீட்டக்காவின் காதில் கத்தினார். "அந்தக் காத்து மிஷினையும் போடச் சொல்லவா?"

"சொல்லுங்க மாமா."

சீட்டக்கா உள்ளே வந்து மிஷினில் உட்கார்ந்தாள். கையில் அகப்பட்ட வெட்டு ரெக்சினை ஊசிக்கு அடியில் வைத்து மிதித்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். கேட்கக் கூடாது என்று நினைத்தாள், கேட்கவும் முடியவில்லை. அவ்வளவு சத்தம். ரெக்சின் துண்டு முடிந்தால் திருப்பிப் போட்டுத் தைத்தாள். ஓரத்தில் ஓடிய தையல் நடுவில் ஓடியது, நடுவில் ஓடியது குறுக்கே ஓடியது.

ஒரே ஒரு தரம் நிமிர்ந்தாள். அதைத் தடுக்க முடியவில்லை.

அவர்கள் இரண்டு பேரும் ஃபோம் மூட்டையின்மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பேசி முடித்திருந்தார். அம்மா அவர் கையிலிருந்த துண்டை வாங்கி அவர் முகத்தைத் துடைத்தாள், கொஞ்சம் முரட்டுத்தனமாக, குழந்தைக்குத் துடைப்பது போல. பிறகு அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி ஏதோ கேட்டாள். அந்த உதட்டைச் சீட்டக்காவுக்கும் படிக்க முடிந்தது.

'ஜெயிச்சீங்களா?'

அப்பா தயங்கினார். ஆமாம் என்று தலையசைத்தார்.

'நீங்க எத்தனை கோல் போட்டீங்க?'

அப்பா துண்டுக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து, மெதுவாக இரண்டு விரலைக் காட்டினார்.

சீட்டக்கா மறுபடி குனிந்து, காலை மிதியில் இன்னும் அழுத்தினாள்.